ஹாரி டீன் ஸ்டாண்டன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இவர்? முகம் தெரிகிறது, பெயர்தான் நினைவுக்கு வரவில்லை.

பெரும்பாலானவர்களுக்கு இவர் இப்படித்தான் அறிமுகம். ஒட்டிய கன்னம், தூக்கம் கெட்ட கண்கள், மெலிந்த உடம்பு. 'ஏலியன்' படத்தில் பூனையைத் தேடிப் போகும் தொப்பிக்காரர், 'தி கிரீன் மைல்' சிறையில் மின்சார நாற்காலி ஒத்திகைக்கு உட்காரும் கைதி, 'தி அவெஞ்சர்ஸ்' படத்தில் வானத்திலிருந்து விழுந்த ஹல்க்கிடம் "நீ வேற்றுக்கிரகவாசியா?" என்று விசாரிக்கும் காவலாளி, எல்லாமே இவர்தான். 1950-களின் நடுவில் தொடங்கி 2017 வரை, அறுபது வருஷத்துக்கு மேல் நடித்தார். சினிமா மட்டும் நூற்றுக்கு மேல் இருக்கும், தொலைக்காட்சி தனி. இத்தனைக்கும் நடுவில் ஒரு கதையை முழுசாகத் தன் தோளில் சுமந்த பெரிய வேடங்கள் என்று பார்த்தால் இரண்டுதான்: 1984-இல் 'பாரிஸ், டெக்சாஸ்', 2017-இல் 'லக்கி'. மற்றதெல்லாம் துணைப் பாத்திரங்கள், சில சமயம் ஒரே ஒரு காட்சி.

எந்த ஊர்? நடிப்புக்கு எப்படி வந்தார்?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் வெஸ்ட் இர்வின் என்ற சிற்றூர். பிறந்தது 1926 ஜூலை 14. அப்பா புகையிலை பயிரிட்டவர், முடிதிருத்தும் வேலையும் பார்த்தவர். இரண்டாம் உலகப் போரில் ஸ்டாண்டன் கடற்படையில் சேர்ந்தார். டாங்கிகளையும் படைகளையும் கரையில் இறக்கும் கப்பல் ஒன்றில் சமையல் வேலை. 1945-இல் ஒகினாவா சண்டை நடந்தபோது அந்தக் கடலில்தான் இருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 'லக்கி' பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

போர் முடிந்து லெக்சிங்டனில் உள்ள கென்டக்கி பல்கலைக்கழகத்தில் இதழியலும் வானொலியும் படித்தார். அங்கே நாடக மேடை அவரைப் பிடித்துக்கொண்டது. பட்டம் வாங்காமலே கலிஃபோர்னியா போய் பாசடீனா ப்ளேஹவுஸ் நாடகப் பள்ளியில் சேர்ந்தார். ஆண்கள் மட்டும் பாடும் சேர்ந்திசைக் குழு ஒன்றோடு ஊர் ஊராகச் சுற்றியதும் உண்டு. அப்புறம் தொலைக்காட்சி. அந்தக் காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி முழுக்க குதிரையும் துப்பாக்கியுமாக இருந்தது. 'கன்ஸ்மோக்', 'ரா ஹைட்', 'பொனான்சா' போன்ற தொடர்களுக்கு வாரம் ஒரு வில்லன் வேண்டும், வில்லனுக்கு இரண்டு கையாட்கள் வேண்டும். ஸ்டாண்டனின் முகம் அதற்குத் தோதாக இருந்தது. 'கன்ஸ்மோக்' தொடரில் மட்டும் வெவ்வேறு ஆளாகப் பல முறை வந்துபோயிருக்கிறார்.

பழைய படங்களில் 'டீன் ஸ்டாண்டன்' என்று வருகிறதே, அது வேறு ஒருவரா?

இவர்தான். ஹாரி ஸ்டாண்டன் என்று ஏற்கெனவே ஒரு நடிகர் இருந்ததால், குழப்பம் வேண்டாமென்று முன்பெயரை விட்டுவிட்டார். பிறகு முழுப் பெயருக்குத் திரும்பினார். 'தி கிரீன் மைல்' பார்த்தவர்களுக்கு இன்னொரு குழப்பமும் வரும். அதில் பேரி பெப்பர் நடித்த இளம் சிறைக்காவலரின் பெயரே டீன் ஸ்டாண்டன். நம்மவர் அதே படத்தில் டூட்-டூட் என்ற கைதி.

நடிகர் ஜாக் நிக்கல்சன் சொன்ன அறிவுரை என்று ஒன்றை அடிக்கடி எழுதுகிறார்களே, என்ன அது?

இருவரும் நெருங்கிய நண்பர்கள். 1960-களில் லாஸ் ஏஞ்சலஸின் லாரல் கேன்யன் பகுதியில் ஒரே வீட்டில் தங்கியிருந்தார்கள். 1962-இல் நிக்கல்சன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் ஸ்டாண்டன்தான். நிக்கல்சன் தானே எழுதி, மான்ட்டி ஹெல்மன் இயக்கிய 'ரைட் இன் த வேர்ல்விண்ட்' என்ற சின்னப் படத்தில் கொள்ளைக்கூட்டத் தலைவன் வேடத்தை இவருக்குக் கொடுத்தார். பாத்திரத்துக்கு ஒரு கண்ணை மறைக்கும் பட்டை, தலையில் வட்டத் தொப்பி. கொடுக்கும்போது நிக்கல்சன் சொன்னதன் சாரம்: நீ எதுவும் செய்யாதே, பாத்திரத்தை உடுப்பு பார்த்துக்கொள்ளும், நீ நீயாகவே இரு.

ஸ்டாண்டன் தன் நடிப்பு மாறிய இடமாக இதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். அதுவரை அவர் நடித்தவற்றைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். கையாள் வேடம் என்றால் பல்லைக் கடிப்பார், முறைப்பார். அதற்குப் பிறகு அந்த முயற்சி குறைந்துகொண்டே போகிறது. முகத்தைச் சும்மா வைத்துக்கொள்கிறார், எதிரில் இருப்பவர் பேசுவதை உண்மையாகவே கேட்கிறார். சொல்ல எளிது. கேமரா முன்னால் ஒன்றும் செய்யாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நடிகர்களுக்குத் தெரியும். கை எங்கே வைப்பது என்பதே பெரிய பிரச்சினையாகிவிடும். சும்மா இருப்பதை ஒரு தொழில்திறமையாக வளர்த்தெடுத்தார் என்பதுதான் இவரைப் பற்றி நான் முதலில் சொல்ல விரும்புவது.

நாயகன் ஆவதற்கு முப்பது வருஷம் காத்திருந்தார் என்கிறார்களே?

நிறையக் கட்டுரைகள் அப்படித்தான் அவர் கதையைச் சொல்கின்றன: முப்பது வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை, ஐம்பத்தேழு வயதில் விடிவுகாலம் வந்தது என்று. எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த முப்பது வருஷப் படங்களை வரிசையாகப் பாருங்கள், அங்கே காத்திருப்பவர் யாரும் தென்படமாட்டார்.

'கூல் ஹேண்ட் லூக்' (1967) படத்தில் சங்கிலிக் கைதிகளில் ஒருவர். வசனம் கொஞ்சம்தான். கிதாரை மீட்டி ஒரு தேவாலயப் பாட்டைப் பாடுகிறார், அந்த வெக்கையான சிறைக்குள் அத்தனை பேருடைய ஏக்கமும் அவர் குரலில் வந்துவிடுகிறது. 'தி காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில் சாட்சியைக் காவல் காக்கும் எஃப்.பி.ஐ. ஆள். பெயர்கூட இல்லாத பாத்திரம். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தால், பல வருஷமாக இந்த வேலையில் சலித்துப்போனவர் என்று நம்புவீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக 'ஸ்ட்ரெயிட் டைம்' (1978). டஸ்டின் ஹாஃப்மன் சிறையிலிருந்து வெளியே வந்த திருடன். பழைய கூட்டாளியைத் தேடிப் போகிறான். அந்தக் கூட்டாளி ஸ்டாண்டன். அவர் திருந்தி, கல்யாணம் பண்ணிக்கொண்டு, நீச்சல்குளம் வைத்த வீட்டில் வாழ்கிறார். தோட்டத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டே மனைவி எதிரில் சிரித்துப் பேசுகிறார். மனைவி உள்ளே எழுந்து போனதும், குரலை உயர்த்தாமல், என்னை இங்கேயிருந்து கூட்டிக்கொண்டு போ என்கிறார். ஒரே வரி. நல்லவனாக வாழ்ந்து மூச்சு முட்டிப்போன ஒரு மனிதனின் முழுக் கதையும் அதில் இருக்கிறது. எந்த நாயக வேடத்துக்கும் குறையாத வேலை அது. சின்ன வேடத்தைப் பெரிய வேடத்துக்கு ஏணியாக நினைக்கிற நடிகரால் இதைச் செய்திருக்க முடியாது.

'ஏலியன்' படத்தில் நடிக்கத் தயங்கினாராமே?

ஆமாம். இயக்குநர் ரிட்லி ஸ்காட்டைச் சந்தித்தபோது, விண்வெளிக் கதைகளும் ராட்சதப் படங்களும் எனக்குப் பிடிக்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நல்லவேளையாக ஸ்காட் விடவில்லை. பிரெட் என்ற கப்பல் மெக்கானிக் வேடம். யாஃபெட் கோட்டோ நடித்த பார்க்கர் சம்பளத்துக்காகச் சண்டை போடுவார், பிரெட் பக்கத்தில் நின்று "ரைட்" என்பார். முக்கால்வாசி வசனம் அவ்வளவுதான்.

ஆனால் பூனையைத் தேடி அவர் தனியாகப் போகும் காட்சியை மறுபடி பாருங்கள். மேலே சங்கிலிகள் தொங்குகின்றன, தண்ணீர் சொட்டுகிறது. தொப்பியைக் கழற்றிவிட்டு, முகத்தை நிமிர்த்தி, சொட்டும் நீரை முகத்தில் வாங்கிக்கொண்டு ஒரு கணம் நிற்கிறார். வேலை செய்து களைத்தவன் கொஞ்சம் குளிர்ச்சி தேடி நிற்கிற மாதிரி. அடுத்து என்ன வரப்போகிறது என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பயத்தை நடித்துக் காட்டியிருந்தால் அந்தக் காட்சி பாதியாகக் குறைந்திருக்கும்.

'பாரிஸ், டெக்சாஸ்' வாய்ப்பு எப்படி வந்தது?

நாடக ஆசிரியர் சாம் ஷெப்பர்டோடு நியூ மெக்சிகோவின் சான்டா ஃபேயில் ஒரு மதுக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரே மாதிரி வேடங்கள் அலுத்துவிட்டன, அழகும் மென்மையும் உள்ள ஒன்றைச் செய்ய வேண்டும் என்று மனம் விட்டுச் சொன்னார். ஷெப்பர்ட் அப்போது ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸுக்காகக் கதை எழுதிக்கொண்டிருந்தார். பிறகு ஷெப்பர்டிடமிருந்து அழைப்பு வந்தது, முதன்மை வேடத்துக்கு. மனைவியாக நடிக்கவிருந்தவர் நஸ்டாஸ்யா கின்ஸ்கி, வயதில் மிக இளையவர். தான் அந்த வேடத்துக்குக் கிழவனாகத் தெரிவேனோ என்று ஸ்டாண்டனுக்குத் தயக்கம் இருந்தது. 1983-இல் படப்பிடிப்பு நடந்தபோது அவருக்கு 57 வயது.

கதை இதுதான். நாலு வருஷம் காணாமல்போன டிராவிஸ் டெக்சாஸ் பாலைவனத்தில் கசங்கிய கோட்டும் சிவப்புத் தொப்பியுமாக நடந்துவருகிறான். தம்பி வந்து கூட்டிப் போகிறான். படத்தின் முதல் அரை மணி நேரத்தின் பெரும்பகுதியில் டிராவிஸ் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. முதலில் சொல்லும் சொல் "பாரிஸ்". பிறகு தன் சின்ன மகனோடு பழகி, அவனைக் கூட்டிக்கொண்டு அவன் அம்மாவைத் தேடிப் போகிறான். 1984-இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் படத்துக்கு முதல் பரிசான தங்கப்பனை கிடைத்தது.

அந்தக் கண்ணாடிக் காட்சியை ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

மனைவி ஜேன் ஹூஸ்டனில் ஒரு மட்டமான இடத்தில் வேலை செய்கிறாள். வாடிக்கையாளர் இருட்டறையில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக அவளைப் பார்க்கலாம், அவளுக்கு அவர் தெரியமாட்டார். தொலைபேசியில்தான் பேச வேண்டும். டிராவிஸ் முதல் தடவை போய், பேச முடியாமல் வந்துவிடுகிறான். இரண்டாம் தடவை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்கிறான். அவளைப் பார்க்கும் வசதி தனக்கு மட்டும் இருப்பது நியாயமில்லை என்று அவனுக்குத் தோன்றியிருக்கும் என்பது என் எண்ணம். எனக்கு இரண்டு பேரைத் தெரியும் என்று ஆரம்பித்து, யாரோ இருவரின் கதை போலத் தங்கள் கதையைச் சொல்கிறான்: காதல், சந்தேகம், குடி, அவளைக் கட்டிப்போட்ட கொடுமை, தீ.

நீண்ட பேச்சு அது. படப்பிடிப்பு நடந்தபோது ஷெப்பர்ட் வேறு ஒரு படத்தில் நடித்துக்கொண்டிருந்ததால் இதைத் தொலைபேசியில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். ஸ்டாண்டன் இதில் அழுவதில்லை, குரல் தழுதழுப்பதுமில்லை. வழி சொல்லும் குரலில், நிறுத்தி நிறுத்தி, அடுத்த வாக்கியத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தபடி போகிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜேனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது. அவன் செய்த கொடுமைக்கு மன்னிப்புக் கேட்டு நம் பரிதாபத்தைச் சம்பாதிக்க ஸ்டாண்டன் முயல்வதே இல்லை. செய்ததைச் செய்தது என்று வைக்கிறார். இதனால்தான் அந்தக் காட்சி நாற்பது வருஷம் கழித்தும் பழசாகவில்லை.

இதற்குப் பிறகு ஒரு படமும் நடிக்காவிட்டாலும் எனக்குத் திருப்திதான் என்று ஸ்டாண்டன் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பிறகு ஏன் நாயகனாகத் தொடரவில்லை?

பெரிய வேடங்களைத் துரத்திப் போகும் ஆளாக அவர் இருக்கவில்லை. 1984 ஒரே வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'பாரிஸ், டெக்சாஸ்' வந்த அதே வருஷம் 'ரிப்போ மேன்' வந்தது. தவணை கட்டாதவர்களின் காரைத் தூக்கிவரும் பட், எமிலியோ எஸ்தவெஸுக்குத் தொழில் தர்மம் கற்றுக்கொடுப்பார். அதே வருஷம் 'ரெட் டான்' படத்தில், கம்பிவேலிக்குப் பின்னால் நின்று மகன்களிடம் பழி வாங்கச் சொல்லிக் கத்தும் அப்பா, ஒரே காட்சி. 1986-இல் 'ப்ரிட்டி இன் பிங்க்'. மனைவி விட்டுப்போய்விட, படுக்கையைவிட்டு எழ மனமில்லாத அப்பா. பள்ளிக்கூடக் காதல் படம் அது, ஆனால் மோலி ரிங்வால்ட் அவரை எழுப்பும் அந்த முதல் காட்சியில் அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் இருக்கிற அன்பு காதல் கதையைவிட ஆழமாகப் பதிகிறது. இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசியின் 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்' படத்தில் பவுல் அப்போஸ்தலர். 2006-இல் தொடங்கிய எச்.பி.ஓ. தொடர் 'பிக் லவ்'-இல் பலதார மணக் கூட்டத்தின் 'தீர்க்கதரிசி' ரோமன் கிராண்ட், எண்பது வயதில் புது ரசிகர்களைக் கொண்டுவந்த வேடம். அன்பான தாத்தா போலச் சிரித்துக்கொண்டே மிரட்டுவார்.

இயக்குநர் டேவிட் லிஞ்ச்சோடு எத்தனை படம்?

'வைல்ட் அட் ஹார்ட்', 'ட்வின் பீக்ஸ்: ஃபயர் வாக் வித் மீ', 'இன்லாண்ட் எம்பயர்' என்று நீண்ட தொடர்பு. நான் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

'தி ஸ்ட்ரெயிட் ஸ்டோரி' (1999): பத்து வருஷமாகப் பேசாத அண்ணன் லைலுக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு, கார் ஓட்ட முடியாத முதியவர் ஆல்வின், புல்வெட்டும் வண்டியிலேயே ஐயோவாவிலிருந்து விஸ்கான்சின் வரை போகிறார். நிஜத்தில் நடந்தது. ஸ்டாண்டன்தான் லைல். படம் முடிய சில நிமிஷம் இருக்கும்போதுதான் வருகிறார். அந்த வண்டியைப் பார்க்கிறார், இதிலேயா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்கிறார், கண் கலங்குகிறது. முடிந்தது. இரண்டு மணி நேரப் பயணம் போய்ச் சேரும் இடம் அந்த முகம்தான். தப்பான ஆளைப் போட்டிருந்தால் படமே வீணாகியிருக்கும்.

2017-இல் வந்த 'ட்வின் பீக்ஸ்' தொடரில் டிரெய்லர் வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் கார்ல் ராட். வண்டி மோதிச் செத்துப்போன பையனின் அம்மா தெருவில் கதறுகிறாள், சுற்றி நிற்பவர்கள் திகைத்து நிற்க, கார்ல் மட்டும் போய் அவள் பக்கத்தில் மண்டியிட்டுத் தொடுகிறார். தொண்ணூறை நெருங்கும் வயதில் நடித்தது.

ரோஜர் ஈபர்ட் விதி என்றால் என்ன?

சிகாகோவின் புகழ்பெற்ற விமர்சகர் ஈபர்ட், ஹாரி டீன் ஸ்டாண்டனோ, இன்னொரு துணை நடிகரான எம். எம்மெட் வால்ஷோ துணை வேடத்தில் இருக்கும் எந்தப் படமும் முழுக்க மோசமாக இருக்க முடியாது என்று எழுதினார். 1989-இல் வந்த 'ட்ரீம் எ லிட்டில் ட்ரீம்' இந்த விதியை மீறிவிட்டது என்று அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். மேலே சொன்ன 'ஸ்ட்ரெயிட் டைம்' படத்தில் இருவருமே இருக்கிறார்கள்.

பாடகராமே?

நன்றாகப் பாடுவார். கிதார், ஹார்மோனிகா இரண்டும் வாசிப்பார். தன் பெயரில் இசைக்குழு வைத்து லாஸ் ஏஞ்சலஸ் விடுதிகளில் பாடினார். மெக்சிகோ பாட்டு 'வோல்வேர், வோல்வேர்' அவருக்கு உயிர். 'பாட் காரெட் அண்ட் பில்லி த கிட்' படப்பிடிப்பில் பழகிய பாப் டிலன், கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் எல்லாம் நண்பர்கள். சோஃபி ஹூபர் 2012-இல் எடுத்த 'பார்ட்லி ஃபிக்‌ஷன்' என்ற ஆவணப்படத்தில் கேள்விகளுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு, அவர் பாட ஆரம்பித்துவிடுவார்.

ஆஸ்கர்?

பரிந்துரைகூட இல்லை, ஒரு தடவைகூட. 'பாரிஸ், டெக்சாஸ்' படத்துக்கும் எந்தப் பிரிவிலும் பரிந்துரை வரவில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

கல்யாணம்?

செய்துகொள்ளவில்லை. மல்ஹாலண்ட் சாலைப் பக்கம் தனியாக வாழ்ந்தார். சிகரெட், தொலைக்காட்சியில் வினாடி வினா நிகழ்ச்சிகள், மாலையில் டான் டானாஸ் உணவகம், இதுதான் அன்றாடம்.

'லக்கி' அவர் சொந்தக் கதையா?

அவர் பாத்திரத்தின் பெயர் லக்கி, ஆனால் ஆளை அவரிடமிருந்தே எடுத்திருக்கிறார்கள். எழுதிய இருவரில் ஒருவரான லோகன் ஸ்பார்க்ஸ் அவருடைய நெடுநாள் நண்பர். பாலைவன ஊரில் தனியாக வாழும் தொண்ணூறு வயதுக்காரர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். காலையில் உடற்பயிற்சி, சிகரெட், குறுக்கெழுத்து, மாலையில் மதுக்கடை. ஒருநாள் மயங்கி விழுகிறார். மருத்துவர் பரிசோதித்துவிட்டு நோய் ஒன்றுமில்லை, வயதாகிவிட்டது என்கிறார். அவ்வளவுதான் கதை. நடிகர் ஜான் கேரல் லிஞ்ச் இயக்கிய முதல் படம். டேவிட் லிஞ்ச் இதில் தன் ஆமை ஓடிப்போன கவலையில் இருக்கும் நண்பராக நடிக்கிறார், இரண்டு லிஞ்ச்களுக்கும் உறவில்லை.

கடற்படையில் சமையல்காரராக ஸ்டாண்டன் இருந்தார் என்றேன் அல்லவா, லக்கிக்கும் அதே வரலாறுதான். உணவகத்தில் இன்னொரு பழைய போர்வீரர் வந்து பேச்சுக் கொடுக்கிறார். அவராக நடித்தவர் டாம் ஸ்கெரிட், 'ஏலியன்' படத்தின் கப்பல் தலைவர். ஒகினாவாவில் சாவு நிச்சயம் என்று நினைத்தபடி சிரித்துக்கொண்டே வந்த ஒரு சின்னப் பெண்ணைப் பற்றி அவர் சொல்கிறார். ஸ்டாண்டன் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கேட்கும் முகத்தைப் பாருங்கள், அதுதான் அவர் நடிப்பு. இன்னொரு இடத்தில், கடைக்காரப் பெண்ணின் மகனுடைய பிறந்தநாள் விழாவில் யாரும் எதிர்பாராமல் 'வோல்வேர், வோல்வேர்' பாட ஆரம்பிக்கிறார்.

2017 செப்டம்பர் 15 அன்று லாஸ் ஏஞ்சலஸில் காலமானார், வயது 91. படம் இரண்டு வாரம் கழித்து அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது.

எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

எல்லோரும் 'பாரிஸ், டெக்சாஸ்' என்பார்கள். நான் 'ஸ்ட்ரெயிட் டைம்' என்பேன். முதலில் அந்தத் தோட்டக் காட்சியைப் பாருங்கள், அப்புறம் 'ரிப்போ மேன்', பிறகு 'பாரிஸ், டெக்சாஸ்'. அதை ராத்திரியில், அலைபேசியைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. முதல் அரை மணி நேரம் பொறுமை வேண்டும். 'தி ஸ்ட்ரெயிட் ஸ்டோரி' குடும்பத்தோடு பார்க்கலாம், குழந்தைகளும் பார்க்கலாம். 'லக்கி'யைக் கடைசியில் வையுங்கள். மற்ற வேடங்களைப் பார்த்த பிறகு அதில் வரும் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்த முகமாக இருக்கும்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: அவர் படித்த லெக்சிங்டன் நகரில் 2011-இல் அவர் பெயரில் ஒரு திரைப்பட விழாவைத் தொடங்கினார்கள். துணை நடிகர் ஒருவருக்காக ஒரு ஊர் விழா எடுப்பது அபூர்வம். அந்தப் பக்கம் போனால் விசாரித்துப் பாருங்கள்.